டைல் படம், மூட்டு, திரும்பத் திரும்ப வரும் டிசைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யங்கூனில் ஒரு சின்ன அச்சுக் கடையில் வேலை பார்க்கிறேன். தீமிதி பேனர், கல்யாணப் பத்திரிகை, கைலித் துணிக்கான டிசைன் எல்லாம் எங்களிடம் வரும். வேலை பழக வரும் பிள்ளைகளும், சாயங்காலம் புரோகிராம் எழுதப் பழகும் தம்பி தங்கைகளும் டைல் படத்தை, அதாவது திரும்பத் திரும்ப அடுக்கிப் பெரிய பரப்பை நிரப்பும் சின்னப் படத்தை, பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். முதலில் இருந்து படித்தால் நல்லது. பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

டைல் பண்ணுறதுன்னா படத்தை வரிசையா ஒட்டிக்கிட்டே போறதுதானே அண்ணே?

பார்வைக்கு அப்படித்தான் தெரியும். வரைகிற எஞ்சின், அதாவது படத்தைத் திரையில் போடும் மென்பொருள், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருந்து வேலை செய்கிறது. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியாகப் போய், "இந்த இடத்துக்கு மூலப் படத்தில் எந்தப் புள்ளியின் நிறம் வேண்டும்?" என்று கணக்குப் போடும். டைலின் அகலம் 120 புள்ளி, திரையில் நிற்பது 1000-ஆவது இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000-ஐ 120-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 40. ஈவை விட்டுவிடலாம். மூலப் படத்தில் 40-ஆவது இடத்தின் நிறத்தை எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. எண்ணுவது 0-வில் தொடங்கும். உயரத்துக்கும் இதே கணக்கு.

மனதில் நிற்க ஒரு உதாரணம்: மூட்டிய கைலி. துணியாக விரித்து வைத்திருக்கும்போது அதற்கு இடது ஓரம், வலது ஓரம் என்று இரண்டு உண்டு. மூட்டிய பிறகு வலது ஓரத்துக்கு அடுத்ததே இடது ஓரம். விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். டைல் படமும் அப்படித்தான், என்ன, அது மேலும் கீழும்கூட மூட்டப்பட்டது. இனிமேல் நான் "மூட்டு" என்று சொல்வதெல்லாம் அந்த இடத்தைத்தான்.

பெரிய படமா ஒரே தடவை செஞ்சு வச்சுக்கிட்டா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே?

செய்யலாம். விலை என்ன என்று பாருங்கள். பத்தடிக்கு ஆறடி பேனர், அங்குலத்துக்கு 150 புள்ளி: அகலம் 18,000, உயரம் 10,800. மொத்தம் 19 கோடியே 44 லட்சம் புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் கிட்டத்தட்ட 778 மெகாபைட் நினைவகம். அதே பின்னணியை 512-க்கு 512 டைலாக வைத்தால் ஒரு மெகாபைட் போதும். கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓடுகிற பழைய கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் வந்து "பூவைக் கொஞ்சம் சிவப்பாக்குங்க" என்று சொல்வார். டைல் என்றால் ஒரு பூவை மாற்றினால் போதும்.

ஒவ்வொண்ணா லூப் போட்டு வரைஞ்சா ரொம்ப நேரம் எடுக்குது. வேகமா நிரப்ப வழி இருக்கா?

முதல் வழி, டைலை எஞ்சினிடமே பேட்டர்னாக, அதாவது "இதைத் திரும்பத் திரும்ப வைத்து நிரப்பு" என்று, கொடுத்துவிடுவது. அதுதான் சரியான வழி. ஏன் என்று பின்னால் வரும். அது முடியாத இடத்தில் இரட்டிப்பு முறை: ஒரு டைலை வரைந்து, அதைப் பக்கத்தில் நகலெடுங்கள், இரண்டாகும். அந்த இரண்டையும் சேர்த்து நகலெடுத்தால் நான்கு, அப்புறம் எட்டு. பத்தே நகலில் 1024 டைல்.

முதல் டைல் எங்கே இருந்து ஆரம்பிக்கும்? ஒரு பெட்டியில சரியா வருது, பக்கத்துப் பெட்டியில பாதிப் பூவுல ஆரம்பிக்குது.

இடத்துக்கு இடம் மாறும். வலைப்பக்கத்தில் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) பின்னணி என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி தொடக்கம். வழக்கமாக பார்டருக்கு உள்பக்க மூலையில் இருந்து வரும். கேன்வாஸில், அதாவது புரோகிராம் எழுதிப் படம் வரையும் பரப்பில், பேட்டர்ன் வைத்து நிரப்பினால் தொடக்கம் கேன்வாஸின் மூலைதான். உங்கள் பெட்டி எங்கே இருக்கிறது என்று அது பார்க்காது. பாதிப் பூ வருவது அதனால்தான். பெட்டியோடு சேர்ந்து பேட்டர்னும் நகர வேண்டும் என்றால், முதலில் தொடக்கப் புள்ளியைப் பெட்டியின் மூலைக்கு நகர்த்தி, அப்புறம் வரைய வேண்டும்.

பிடிஎஃப் இதில் இன்னும் கண்டிப்பானது. பேட்டர்னுக்கென்று ஒரு தனி மேட்ரிக்ஸ், அதாவது இடம், அளவு, கோணம் சொல்லும் எண் தொகுதி, உண்டு. அது பக்கத்தின் அடிப்படை அளவோடு கட்டப்பட்டிருக்கும். நீங்கள் நடுவில் எத்தனை தடவை நகர்த்தினாலும் சுருக்கினாலும் பேட்டர்ன் அசையாமல் நிற்கும். பழைய விண்டோஸ் பிரஷ்களுக்கும் தொடக்கத்தைச் சொல்லத் தனிக் கட்டளையே இருந்தது. இதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பெட்டிகள் ஒரே துணியில் வெட்டிய மாதிரி தெரிய வேண்டுமானால் பொதுத் தொடக்கம் வேண்டும். ஒவ்வொன்றும் தனிச் சட்டம் போட்ட படம் மாதிரி வேண்டுமானால் தனித் தொடக்கம் வேண்டும். எது வேண்டும் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இடது பக்கமா ஸ்க்ரோல் பண்ணினா டைல் காணாமப் போயிடுது. வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு.

முதல் பதிலில் சொன்ன மீதிக் கணக்கு இங்கேதான் ஏமாற்றும். தொடக்கத்துக்கு இடப்பக்கம் போனால் எண் கழித்தல் குறிக்குப் போய்விடும். அகலம் 120, இடம் −1 என்றால் நமக்கு வேண்டியது 119, அதாவது டைலின் கடைசி வரிசை. பைத்தானில் மீதி காணும் குறியான % போட்டால் 119 கிடைக்கும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்டில் −1 தான் கிடைக்கும். மூலப் படத்தில் −1 என்று ஓர் இடமே இல்லை. அதனால் படம் காணாமல் போகிறது, சில நேரம் புரோகிராமே நின்றுவிடுகிறது.

இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: மீதி = ((இடம் % அகலம்) + அகலம்) % அகலம். பின்ன எண்ணாக இருந்தால், வகுத்துக் கிடைத்ததைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கி, அதை அகலத்தால் பெருக்கிக் கழித்துவிடுங்கள். பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டுகிற முழு எண் மாற்றத்தை இங்கே பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் தொடக்கப் புள்ளியின் இரண்டு பக்கமும் டைல் எண் பூஜ்ஜியமாகவே வரும். இடப்பக்கம் மீதி மறுபடியும் கழித்தல் குறியோடு வரும், வலப்பக்கம் மட்டும் சரியாக இருக்கும். இப்படிப்பட்ட தவறைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் சிரமம்.

ரிபீட், ரிஃப்ளெக்ட், பேட், நன் - நாலு இருக்கே. எதை எப்போ போடணும்?

படத்தின் எல்லையைத் தாண்டிக் கேட்டால் என்ன பதில் என்பதற்கான நான்கு விதிகள் இவை. படம் வரையத் தயாராக எழுதி வைத்த கெய்ரோ என்ற நிரல் தொகுப்பில் இந்தப் பெயர்களில்தான் வரும். கிராபிக்ஸ் கார்டிடம் வரையச் சொல்லும் ஓப்பன்ஜிஎல்லில் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றே. ரிபீட் மூட்டிய கைலி. பேட் ஓரத்துப் புள்ளியின் நிறத்தையே கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். நன் என்றால் எல்லைக்கு வெளியே ஒன்றும் இல்லை, வெறும் ஒளிபுகும் இடம்.

ரிஃப்ளெக்ட் கண்ணாடி. ஒரு தடவை நேராக, அடுத்த தடவை திருப்பி. ஓரத்துப் புள்ளிக்குப் பக்கத்தில் அதே புள்ளி வருவதால் எந்தப் படமாக இருந்தாலும் நிறம் வெட்டுப்படாது. அதனால் அவசரத்துக்குப் பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். மணல், மேகம், இலைக்கூட்டம் என்றால் பரவாயில்லை. ஆனால் எழுத்து இருந்தால் தலைமாறிப் போகும். முருகன் படத்தைப் பின்னணியில் ரிஃப்ளெக்ட் போட்டு ஒரு பேனர் அச்சுக்கு வந்தது. ஒன்றுவிட்டு ஒன்றில் வேல் கை மாறியிருந்தது. கோயில் காரியத்தில் அப்படிச் செய்யவே கூடாது. நல்லவேளை, அச்சிடும் முன்பே கண்ணில் பட்டது.

என் டைல் ஓரம் ஒட்ட மாட்டேங்குது, கோடு கோடா தெரியுது. எப்படிச் சரிபண்றது?

பாதி நகர்த்திப் பாருங்கள். டைல் 400-க்கு 400 என்றால் வலதுபக்கம் 200, கீழ்ப்பக்கம் 200 நகர்த்துங்கள். வெளியே போவது எதிர்ப்பக்கத்தில் வந்து சேர வேண்டும். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஆஃப்செட் என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது, பாதிபாதி நகர்த்த ஒரு பட்டனும் உண்டு. இப்போது நாலு ஓரமும் படத்தின் நடுவே சிலுவை மாதிரி வந்து நிற்கும். கைலியைத் திருப்பி மூட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். அந்தச் சிலுவையை மட்டும் திருத்துங்கள். புது ஓரங்களைத் தொடாதீர்கள். அவை ஏற்கெனவே ஒட்டியவை. கிருதா என்ற வரையும் மென்பொருளில் W விசையை அழுத்திச் சுற்று முறையைப் போட்டுக்கொண்டால் வரையும்போதே டைலாகத் தெரியும். நான் புதிதாக வரைவதெல்லாம் அதில்தான்.

நிறம் ஒட்டினால் மட்டும் போதாது, சாய்வும் ஒட்ட வேண்டும். அமரபுரத்து அச்செய்க் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். லுன்தயா என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு, நூறு நாடா (தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகும் கருவி) என்று பொருள். நூறு, இருநூறு சின்ன நாடாக்களைக் கையால் கோத்துக் கோத்து அந்த அலைகளை நெய்கிறார்கள். அலை ஏறும்போது ஏறுகிறது, வளைந்து இறங்குகிறது, எங்கேயும் முறியாது. அதை அச்சு டிசைனாகச் செய்யும்போது வலது ஓரத்தில் கோடு எந்த உயரத்தில் முடிகிறதோ அந்த உயரத்தில் இடது ஓரத்தில் தொடங்க வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஏறிக்கொண்டே முடிந்த கோடு இறங்கிக்கொண்டே தொடங்கினால் அங்கே ஒரு முழங்கை தெரியும். ஓரத்தில் உயரமும் வேண்டும், போகும் திசையும் வேண்டும்.

நூறு சதவீதத்துல பார்த்தா நல்லா ஒட்டுது. பெருசாக்கினா மட்டும் மெல்லிசா ஒரு கோடு வருது. ஏன்?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். இரண்டு காரணங்கள் உண்டு. மருந்தும் வேறு வேறு.

முதல் காரணம், மென்மையாக்கல். பெரிதாக்கும்போது திரைப் புள்ளி மூலப் படத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழும். எஞ்சின் இரண்டு நிறத்தையும் கலந்து கொடுக்கும். டைலின் கடைசி வரிசையில் நின்றால் அடுத்த புள்ளி எது? ரிபீட் என்று சொல்லியிருந்தால் முதல் வரிசையோடு கலக்கும், மூட்டு தெரியாது. பேட் என்றால் தன்னோடு தானே கலக்கும். நன் என்றால் வெறுமையோடு கலந்து வெளிறிப் போகும். ஆகவே டைலைத் தனியாகப் பெரிதாக்கிச் சேமித்து அப்புறம் அடுக்காதீர்கள். ரிபீட் என்று சொல்லிவிட்டு, பெரிதாக்கும் வேலையை எஞ்சினிடம் விடுங்கள்.

இரண்டாவது காரணம், டைல்களை நீங்களே ஒவ்வொன்றாக வைப்பது. டைல் 37 புள்ளி, ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் 55.5. மூட்டு ஒரு திரைப் புள்ளியின் நட்டநடுவில் விழுகிறது. முதல் டைல் அந்தப் புள்ளியில் பாதியை மூடுகிறது, அதனால் 50 சதவீதம் நிறம். இரண்டாவது டைல் மறுபாதியை மூடுகிறது. ஆனால் எஞ்சினுக்கு எந்தப் பாதி என்று நினைவில்லை. மிச்சம் இருக்கும் 50-இல் பாதியைத்தான் மூடும். 50-உம் 25-உம் 75. மீதி 25 சதவீதம் வெள்ளைப் பின்னணி எட்டிப் பார்க்கிறது. அடர் சிவப்பு டிசைன் என்றால் அந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு முடிக்கோடு. அடுத்த மூட்டு 111-இல், முழு எண், கோடு இல்லை. அதற்கடுத்தது 166.5, மறுபடியும் கோடு. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று கோடு வந்தால் அரைப்புள்ளிதான் காரணம் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

மருந்து: முழுப் பரப்பையும் ஒரே பேட்டர்னாக ஒரே தடவையில் நிரப்புவது. அப்போது ஒவ்வொரு திரைப் புள்ளிக்கும் ஒரே ஒரு பதில்தான், நடுவே இடைவெளி வர வழியில்லை. அது முடியாவிட்டால் ஒவ்வொரு டைலின் தொடக்கத்தையும் முடிவையும் முழு எண்ணுக்கு நகர்த்துங்கள். டிசைன் ஒளிபுகாததாக இருந்தால் ஒரு டைலை அடுத்ததன்மேல் ஒரு புள்ளி அளவுக்கு ஏற்றி வைத்தாலும் போதும்.

பிடிஎஃப்ல வெள்ளை முடிக்கோடு தெரியுது. அச்சுலயும் வருமா?

அந்தக் கோட்டைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். படம் பெரிதாகியும் கோடு மட்டும் அதே முடி அளவில் நின்றால், இடம் மாறினால், சில அளவில் மறைந்தால், அது முந்தைய பதிலில் சொன்ன 25 சதவீதம். திரைக்கு வரைந்தபோது வந்தது. பெரும்பாலும் அச்சில் தெரியாது. கோடும் சேர்ந்து பெரிதானால் டைலுக்குள்ளேயே உண்மையான இடைவெளி இருக்கிறது, அச்சிலும் வரும். எப்படியிருந்தாலும் முழு பேனரை ஓட்டும் முன் ஒரு கையகலம் அச்சிட்டுப் பாருங்கள். மீட்டர் கணக்கில் மெட்டீரியல் வீணாவதற்கு அது மேல்.

டைல் அளவு 128, 256, 512 இப்படியே இருக்கணுமா?

முன்பு கட்டாயம். அளவு இரண்டின் அடுக்காக இருந்தால் மீதி காண வகுக்கவே வேண்டாம். எண்ணின் கடைசி சில பிட்களை மட்டும் வைத்துக்கொண்டால் அதுவே மீதி. கழித்தல் எண்ணுக்கும் சரியாக வரும். பழைய ஓப்பன்ஜிஎல் இதைக் கட்டாயமாக்கியிருந்தது; 2004-இல் வந்த 2.0 பதிப்பில் தளர்ந்தது. வலைப்பக்கத்தில் ஓடும் வெப்ஜிஎல்லின் முதல் பதிப்பில் மட்டும் இன்னும் கவனம் வேண்டும்: இரண்டின் அடுக்கு இல்லாத படத்துக்கு அங்கே ரிபீட் கிடையாது, படம் கறுப்பாக வரும். இரண்டாம் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 95-இல் பிரஷ் 8-க்கு 8 புள்ளியைத் தாண்டக் கூடாது என்பதே விதி.

அச்சு வேலைக்கு இதையெல்லாம் யோசிக்காமல் டிசைனுக்கு வேண்டிய அளவை வைத்துக்கொள்ளலாம்.

கடைசி டைல் பாதியில வெட்டுப்படுது. முழுசு முழுசா வர வைக்க முடியுமா?

வலைப்பக்கம் என்றால் சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வழி தயாராக இருக்கிறது. பெட்டி 1000, டைல் 150 என்போம், 6.67 தடவை போகும். ரவுண்ட் என்று போட்டால் ஏழு டைலாக்கி ஒவ்வொன்றையும் 142.86-க்குச் சுருக்கும். ஸ்பேஸ் என்று போட்டால் ஆறு டைலை அதே அளவில் வைத்து, மிச்சமுள்ள 100-ஐ ஐந்து இடைவெளிகளில் இருபது இருபதாகப் பங்கிடும். பத்திரிகை ஓரத்துக் கோலத்துக்கு ரவுண்ட் நன்றாக இருக்கும், கம்பி அறுபடாது. தனித்தனி மாங்காய், மயில் என்றால் ஸ்பேஸ்.

துணிக்கடையில "அடுத்த வரிசை பாதி இறங்கி வரணும்"னு கேக்குறாங்க. எஞ்சின் நேர் நேராத்தானே அடுக்குது?

போஜோக் மார்க்கெட்டில் ஒரு நடை போய்த் துணிகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் இந்த இறக்கத்தில்தான் இருக்கும். எஞ்சினுக்கு நேர் அடுக்கு மட்டும்தான் தெரியும் என்பது உண்மை. அதனால் டைலைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம். பூவுக்கு 200-க்கு 300 இடம் என்றால் டைலை 400-க்கு 300 ஆக்குங்கள். இடது பாதியில் முழுப் பூ. வலது பாதியில் பூவை 150 கீழே இறக்குங்கள். கீழே வெளியே போகும் பாதியை மேலே கொண்டுவந்து வையுங்கள். இனி நேராக அடுக்கினாலும் கண்ணுக்கு இறங்கித்தான் தெரியும்.

இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் டைல்ட் க்ளோன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு துண்டை நகர்த்தியும் திருப்பியும் கண்ணாடி பிடித்தும் சமதளத்தை நிரப்ப மொத்தம் 17 வகைதான் உண்டு. ஃபெடரோவ் என்ற ருஷ்ய அறிஞர் 1891-இல் இதை நிறுவினார். அந்தப் பதினேழும் அங்கே பட்டியலாக இருக்கின்றன.

டிசைனைச் சாய்ச்சு வைக்கணும். டைலைத் திருப்பி வெட்டினா ஒட்டவே மாட்டேங்குது.

டைலைத் திருப்பாதீர்கள், பேட்டர்னைத் திருப்புங்கள். பேட்டர்னோடு வரும் மேட்ரிக்ஸில் கோணத்தைக் கொடுத்தால், எஞ்சின் ஒவ்வொரு திரைப் புள்ளியையும் எதிர்த்திசையில் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் மீதிக் கணக்கைப் போடும். எந்தக் கோணமும் சரியாக வரும்.

சாய்ந்த டிசைனே நேர் டைலாக வேண்டும், ஏனென்றால் அச்சு மெஷினுக்கு அப்படித்தான் கொடுக்க முடியும் என்றால், கோணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சதுர டைலை 45 டிகிரி சாய்த்தால் பக்கத்தை 1.4142 மடங்காக்கிய சதுரம் திரும்ப வரும். பக்கம் 100 என்றால் 141.42, முழு எண் இல்லை, மூட்டு விலகும். பக்கம் 70 என்றால் 98.995, 99 என்று எடுத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. 3, 4, 5 முக்கோணத்தின் சாய்வு, அதாவது சுமார் 36.87 டிகிரி, இன்னும் சுத்தம்: பக்கத்தைப் போல சரியாக ஐந்து மடங்கில் திரும்பும். 30 டிகிரி கேட்டால் என் பதில் "முடியாது" என்பதுதான். சதுர அடுக்கு அந்தக் கோணத்தில் நேர்க்கோட்டில் திரும்பி வருவதே இல்லை.

கல், மண் மாதிரி பின்னணி வச்சா தூரத்துல இருந்து பார்க்கும்போது ஒரே கறை வரிசை வரிசையா தெரியுது.

கைலிக்கு அந்த வரிசைதான் அழகு. மண்ணுக்கு அதுதான் குறை. முதலில் டைலில் தனியாகக் கண்ணை இழுக்கும் கறை, வெளிச்சம், பெரிய கல் எதுவும் இல்லாமல் அழியுங்கள். அப்புறம் இரண்டு அடுக்கு வையுங்கள்: அடியில் 139 புள்ளி அகல டைல், மேலே ஒளிபுகும் புள்ளிகளோடு 211 புள்ளி அகல டைல். இரண்டும் சேர்ந்து அதே நிலைக்கு வர 139 × 211, அதாவது 29,329 புள்ளி போக வேண்டும். 140-உம் 210-உம் வைத்திருந்தால் 420-லேயே திரும்பிவிடும். பொது வகுஎண் இல்லாத அளவுகளைத் தேடி வைப்பதில்தான் பலன்.

டைலை மங்கலாக்கினதும் மூட்டு வந்துடுச்சு. ஜேபெக்ல சேமிச்சாலும் வருது.

மங்கலாக்கும் கருவிக்கு இது மூட்டிய துணி என்று தெரியாது. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது டைல் அடுக்கி, மொத்தத்தையும் மங்கலாக்கி, நடு டைலை மட்டும் வெட்டி எடுங்கள். ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாகச் சுருக்குகிறது. வலது ஓரத்துக் கட்டமும் இடது ஓரத்துக் கட்டமும் வேறு வேறு விதமாகக் கொஞ்சம் கெடும். டைலை பிஎன்ஜியில் வையுங்கள்.

ஒரே பெரிய படத்துல பல டைல் வச்சு கேம் செய்யறேன். புல்லு ஓரத்துல தண்ணி நிறம் எட்டிப் பார்க்குது.

பெரிதாக்கும்போது வரும் கோட்டுக்கு நான் சொன்ன முதல் காரணமேதான். புல்லின் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய படத்தில் தண்ணீர் இருக்கிறது. கலக்கும்போது அது வருகிறது. ஒவ்வொரு டைலைச் சுற்றியும் சில புள்ளி அகலத்துக்கு அதன் எதிர் ஓரத்தையே நகலெடுத்து வேலி போடுங்கள். சின்னதாக்கிய நகல்கள், அதாவது மிப்மேப், பயன்படுத்தினால் வேலி இன்னும் அகலமாக வேண்டும்.

ஷேடர்ல பின்னப் பகுதியை மட்டும் எடுத்து நானே டைல் பண்றேன். மூட்டுல மட்டும் புள்ளி புள்ளியா கோடு.

இது கொஞ்சம் நுணுக்கம். ஷேடர் என்பது கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சின்ன புரோகிராம். எந்த அளவு மிப்மேப்பை எடுப்பது என்று கார்டு எப்படி முடிவு செய்கிறது? பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் இடம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துத்தான். மூட்டில் உங்கள் எண் 0.99-இல் இருந்து 0.01-க்குக் குதிக்கிறது. நமக்கு அது சின்ன நகர்வு. கார்டுக்கு ஒரு டைல் முழுவதும் ஒரே எட்டில் தாண்டியது. படம் மிகத் தூரத்தில் இருக்கிறது என்று எண்ணி மிகச் சின்ன நகலை எடுக்கிறது. அந்த நிறம்தான் கோடாக வருகிறது. பின்னம் எடுப்பதற்கு முன்னாலேயே மாற்ற அளவைக் கணக்கிட்டு, அதைக் கையோடு கொடுக்கும் கட்டளையில் படத்தைக் கேளுங்கள். தனிப் படம் என்றால் ரிபீட் போட்டுவிட்டு பின்னமே எடுக்காமல் விடுங்கள்.

ரொம்ப நேரம் ஓடவிட்டா பின்னணி விட்டு விட்டுக் குதிக்குது.

நகரும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். 32 பிட் பின்ன எண்ணுக்கு 24 பிட் துல்லியம்தான். எண் ஒரு லட்சம் அளவுக்கு வந்தால் அதன் மிகச் சின்ன எட்டு 1/128. டைல் கணக்கில் எண்ணி, டைல் 512 புள்ளி என்றால், அது நான்கு புள்ளிக் குதிப்பு. ஒவ்வொரு தடவை கூட்டியதும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டைலுக்கு அது தெரியவே தெரியாது, எண்ணும் எப்போதும் சின்னதாகவே இருக்கும்.

எல்லாம் சரியா செஞ்சும் கைலி மூட்டினதும் பூ வெட்டுப்படுதே அண்ணே?

இதில் நானே தவறியிருக்கிறேன். முதன்முதலாகக் கைலி டிசைன் செய்தபோது துணி 2 மீட்டர், டைல் 12.5 செ.மீ.; சரியாகப் பதினாறு தடவை. திரையில் மூட்டே தெரியவில்லை. தைக்கிற அக்கா முதல் கைலியை மூட்டி, உள்பக்கம் திருப்பி, மூட்டை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் மடிப்புக்குள் போயிருந்தது. மிச்சம் 198 செ.மீ., 15.84 தடவை. மூட்டில் ஒரு பூ இதழ் இழந்து ஒல்லியாக நின்றது. துணி முழுவதும் அச்சாகி வந்திருந்தது.

இப்போது தைப்பவரிடம் மடிப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் டைல் அளவு போடுகிறேன். 198-க்கு 11 செ.மீ. டைல் என்றால் சரியாகப் பதினெட்டு. மடிப்புக்குப் போகும் அந்த ஒரு சென்டிமீட்டரையும் வெறுமையாக விடுவதில்லை, டிசைனையே இரண்டு பக்கமும் தொடர விடுகிறேன். தையல் ஒரு நூல் விலகினாலும் வெள்ளை தெரியாது. துணியின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மூட்டு வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குறி அச்சிடுகிறேன். அக்கா அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு தைப்பார்.